அவர் கேட்டதும் நான் எழுதியதும்

ரிசீவரை வைத்தாயிற்று. வைத்த பிறகும் கை அதன் மேலேயே கிடக்கிறது, எடுத்தால் மறுபடியும் பேச ஆரம்பித்துவிடுவாரோ என்பதுபோல. சேம்பருக்குள் மின்விசிறி டக் டக்கென்று ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்றுகிறது, காற்று மேஜைக்கு வருவதில்லை, சுவருக்குத்தான் போகிறது. கழுத்தில் கஞ்சி போட்ட வெள்ளைப் பட்டை அறுக்கிறது. அதை அவிழ்க்கலாம், மதிய இடைவேளைதானே, யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனால் அவிழ்க்கவில்லை. "என்னம்மா அங்கயற்கண்ணி, சாப்பிட்டியா?" முதலில் அதைத்தான் கேட்டார். மதராஸிலிருந்து டிரங்க் கால் போட்டு இந்த ஜில்லாவின் முதல் பெண் ஜட்ஜை, சாப்பிட்டியா என்று கேட்க என் சீனியர் கோதண்டபாணி ஒருவரால்தான் முடியும். இனிமேல்தான் சார் என்றேன். "நல்ல சேதி சொல்றேன் கேளு. ஹைகோர்ட்டுக்கு லிஸ்ட் மேல போகுது. உன் பேரு இருக்கு. உன்ன அந்த நாற்காலியில பாத்துட்டேன்னா எனக்கு வேற ஆசை கிடையாது." சந்தோஷம் சார் என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் அதே குரலில், துளி கூட ஏற்ற இறக்கம் இல்லாமல், "உங்க ஊர் மண்டிக்காரர் பையன் கேஸ் இன்னிக்குத் தீர்ப்பாமே?" என்றார். ஆமாம் என்றேன். "பெரிய மனுஷர் ஒருத்தர் நேத்து வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனார். நான் சாட்சியமெல்லாம் வரவழைச்சுப் படிச்சேன். நிக்கல. நீ எப்படியும் விட்டுடத்தான் போற. அதையே பண்ணு. தப்பா ஒண்ணும் செய்யச் சொல்லலையே நான்?" சார், நான் வந்து, என்று ஏதோ ஆரம்பித்தேன், "போய்ச் சாப்பிடும்மா" என்றார், லைன் போய்விட்டது.

தப்பாக ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. அதுதான் சிக்கல். மேஜை மேல் பச்சை நாடா கட்டி இருக்கிற தீர்ப்பில் அதுதான் இருக்கிறது, விடுதலை, என் ஸ்டெனோ டைப் அடித்துக் கொடுத்து நான் திருத்தியும் ஆயிற்று, கையெழுத்து மட்டும் கோர்ட்டில் படித்த பிறகு போட வேண்டும். அவர் வேறு மாதிரி கேட்டிருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும். நான் தண்டனை எழுதி வைத்திருந்து அவர் விட்டுவிடு என்றிருந்தால், அல்லது யாராவது தடியன் வீட்டு வாசலில் நின்று மிரட்டியிருந்தால், என் முதுகெலும்பு தானாக நிமிர்ந்திருக்கும். அதற்குப் பழக்கம் உண்டு. நான் எழுதிய அதே வார்த்தையை ஒருவர் கேட்டு வாங்கிக்கொள்ளப் பார்த்தால் என்ன செய்வது? மத்தியானம் நான் அதைப் படிப்பேன், சாயங்காலம் அவர் அந்தப் பெரிய மனுஷருக்குப் போன் போடுவார், சொன்னேன் பாத்தீங்களா, என் பொண்ணு மாதிரி, நான் சொன்னா மீற மாட்டா. என் தீர்ப்பு அவர் கொடுத்த பரிசாகிவிடும். நான் வெறும் கையெழுத்து.

கதவு திறந்தது. டவாலி முனிரத்தினம். "அம்மா, கேரியரைத் திறக்கட்டுமா? வெயிலுக்குத் தயிர் புளிச்சிரும்." வையுங்க, அப்புறம் என்றேன். அவர் தொலைபேசியையும் என் கையையும் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். ஆபரேட்டர் கேட்டிருப்பாளா? டிரங்க் காலில் நடுவே மூச்சுச் சத்தம் கேட்டதே. கேட்டால்தான் என்ன, அவளுக்கு என்ன புரியும், ஒரு சீனியர் ஜூனியரைச் சாப்பிடச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் டைப்பிஸ்டுகள் தட்டுகிற சத்தம், அதற்கும் மேலே ஒரு காக்கை. அங்கேதான் எங்கேயாவது பேச்சியம்மாள் உட்கார்ந்திருப்பாள். செத்துப்போனவனின் மனைவி. வாய்தாவுக்கு வாய்தா வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள், தூக்குச் சட்டியில் கஞ்சி, பக்கத்தில் யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை. அவள் புருஷன் சுந்தரவேல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சங்கம் வைத்து நடத்தியவன். மண்டிக்காரர் மகன் கிருபாகரன் அவனை மண்டித் தெருவிலேயே குத்தினான் என்பதுதான் வழக்கு. ஒரு நாள் நான் காரிலிருந்து இறங்கும்போது அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "பொம்பள ஜட்ஜு வந்திருக்காக. அவுகளுக்குத் தெரியும் தாலி அறுத்தவ வலி." நான் காது கேட்காதவள்போல் படியேறினேன். அன்று முழுக்க சாட்சிகளைக் கேட்கும்போது அந்த வாக்கியத்தைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே இருந்தேன். பெண் என்பதால் எனக்கு ஏதோ கூடுதலாகத் தெரியும் என்று நினைப்பவர்களும், பெண் என்பதால் ஏதோ குறைவாகத் தெரியும் என்று நினைப்பவர்களும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள், என் முன்னால் இருக்கிற காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவளிடம் போய் இதையெல்லாம் சொல்ல முடியுமா.

காகிதத்தில் என்ன இருக்கிறது? கண்ணால் பார்த்த சாட்சி ஒரே ஒருவன், சைக்கிள் கடை தங்கமுடி. தெருவிளக்கு வெளிச்சத்தில் கிருபாகரன் முகத்தைப் பார்த்தேன் என்றான். கூண்டில் நின்று அவன் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தை நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன், குத்துப்பட்டவன் விழுந்த சத்தத்தைக் கேட்ட மனுஷனின் நடுக்கம் அது. அப்புறம் எதிர்த்தரப்பில் மின்வாரிய இன்ஜினியரைக் கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலமே டிரான்ஸ்பார்மர் எரிந்துபோய்த் தெரு முழுக்க இருட்டு, மறுநாள் காலையில்தான் மாற்றினோம் என்றார் அவர். தங்கமுடியை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். எந்த வெளிச்சத்துல பாத்தீங்க என்று நானே கேட்டேன். வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் பின்னால் நின்றார், அவரைத் திரும்பிப் பார்த்தான். "எழுதிக் குடுத்ததத்தான் சொன்னேங்கம்மா." இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உண்மையைப் பார்த்த ஒருவன் வாயில் ஒரு பொய்யை வைத்து அனுப்பியிருக்கிறார்கள், நேரம் பார்த்து அது உடையட்டும், உடையும்போது உண்மையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகட்டும் என்று. ரத்தக் கறை படிந்த கிருபாகரன் சட்டையைப் பரிசோதனைக்கே அனுப்பவில்லை. கத்தியை யார் வேண்டுமானாலும் போய் வருகிற குப்பை மேட்டிலிருந்து எடுத்தார்கள். கெட்டிக்காரத்தனமாகத் தோற்றிருக்கிறார்கள். ஆனால் இது எனக்குத் தெரிந்தது, நிரூபணமானது அல்ல. எனக்குத் தோன்றுவதை வைத்து ஒருவனை ஆயுளுக்கும் உள்ளே போட முடியும் என்றால் நாளைக்கு இன்னொரு ஜட்ஜுக்குத் தோன்றுவதை வைத்துச் சுந்தரவேல் மாதிரி ஒருவனை உள்ளே போடலாம். இதையெல்லாம் தீர்ப்பில் எழுதியிருக்கிறேன். இன்ஸ்பெக்டரைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். சுத்தமாக, கோபமில்லாமல், எழுதி முடித்த அன்று அசந்து தூங்கினேன்.

தூங்கினேனா? அங்கேதான் இப்போது முள் இருக்கிறது. லிஸ்ட்டைப் பற்றி இன்றைக்குத்தானா தெரியும் எனக்கு? கோடை விடுமுறைக்கு முன்பே காதில் விழுந்ததே. மேலே போகிற பேர்களை யார் யார் பார்ப்பார்கள், அந்த மண்டிக்காரர் எந்தக் கட்சிக்கு இந்த ஜில்லாவில் எல்லாம், இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே அந்த மின்வாரிய சாட்சியத்தைப் படித்தபோது அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேனே, அது சந்தேகம் கிடைத்த நீதிபதியின் மூச்சா, வழி கிடைத்த ஒரு பெண்ணின் மூச்சா? சபாபதி அன்று காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன, முகம் தெளிஞ்சிருக்கு?" என்று கேட்டார். கட்டிய புருஷனுக்குத் தெரிந்தது. ஏன் தெளிந்தது? போன மாதம் பெண்கள் சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள், நீதித்துறையின் சுதந்திரம் என்று தலைப்புக் கொடுத்தார்கள், நான் என்னவெல்லாம் பேசினேன். அரசாங்கம் எங்களை மாற்றலாம், உயர்வு தராமல் இருக்கலாம், தீர்ப்பைத் தொட முடியாது என்றேன். கைதட்டினார்கள், சந்தன மாலை போட்டார்கள். பயத்தைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன். நன்றியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆசையைப் பற்றிப் பேசவே இல்லை. அரசாங்கம் வாசலில் நிற்கிறது, நாம் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். இங்கே வீட்டுக்குள்ளேயே சோற்றுத் தட்டோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், என் சீனியர்.

சட்டப் படிப்பு முடித்து எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒரே பதில். இங்க ஆம்பளைங்க வந்து போற இடம்மா. கட்சிக்காரன் பொம்பளைன்னா கேஸ் குடுக்க மாட்டான்ம்மா. ஒருத்தர் நேராகவே, கல்யாணம் ஆனா விட்டுட்டுப் போயிடுவே, எதுக்கு வீணா என்றார். கோதண்டபாணி சார் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. "அப்பீல் கட்டு படிக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு கட்டை என் பக்கம் தள்ளினார். முதல் கேஸில் நான் நீதிபதி முன்னால் நின்று வார்த்தை வராமல் திணறியபோது எழுந்து காப்பாற்றவில்லை, பின்னால் உட்கார்ந்தபடியே, "மெதுவா, மெதுவா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. அந்தக் குரலால்தான் இன்றைக்கு இந்த நாற்காலியில் இருக்கிறேன். அதே குரல்தான் இன்றைக்கு, அதையே பண்ணு. அவர் பணத்துக்கு ஆசைப்படுகிறவர் இல்லை. யாருக்கோ நல்லவராக இருக்க ஆசை, என் பேர் மேலே போக வேண்டும் என்று ஆசை, இரண்டையும் ஒரே போனில் முடித்துவிட்டார். தான் செய்தது தப்பென்றுகூட அவருக்குத் தோன்றியிருக்காது. அல்லது தோன்றியதால்தான் சாப்பிட்டியா என்று ஆரம்பித்தாரா.

தண்டனை கொடுத்துவிட்டால்? ஒரு நிமிஷம் அப்படியும் போகிறது புத்தி, ஓடி ஓடி எல்லாச் சந்துக்குள்ளும் போய்ப் பார்க்கிறது. தீர்ப்பை ஒத்திவைத்து, மாற்றி எழுதி, தங்கமுடி பயத்தில் குழம்பினான், முகம் தெரிந்த ஆளை இருட்டிலும் அடையாளம் தெரியும் என்று நாலு வரி. எழுத முடியும். எனக்கு எழுதத் தெரியும். ஊர் கொண்டாடும், பத்திரிகையில் என் படம் வரும், பேச்சியம்மாள் காலில் விழுவாள். சீனியருக்கு என் பதில் போய்ச் சேரும். ஆனால் அப்போதும் அந்தப் போன்தானே தீர்ப்பு எழுதியிருக்கும்? தலைகீழாக எழுதியிருக்கும், அவ்வளவுதான். என் பேருக்குக் கறை படக் கூடாது என்பதற்காக ஒருவன் உள்ளே கிடப்பான். சீ. ஹைகோர்ட்டுக்கு எழுதி வழக்கையே வேறு ஜட்ஜிடம் மாற்றச் சொல்லலாம், முறைப்படி அதுதான் சரி என்று யாராவது சொல்வார்கள். அப்புறம் இன்னொரு ஊர், இன்னும் எத்தனை வாய்தா, அவள் கஞ்சிச் சட்டியோடு பஸ் ஏறி, வருகிறவர் இந்தக் கட்டைப் படித்து இதே இருட்டில் வந்து முட்டிக்கொள்வார். என் கை மட்டும் சுத்தமாக இருக்கும்.

இப்படிப் பார்த்தேன். எழுந்து ஜன்னலண்டை போய் நின்று, கம்பி சுட, மனசுக்குள் ஆட்களை மாற்றி வைத்தேன். செத்தது மண்டிக்காரர் மகன். கூண்டில் நிற்பது மூட்டை தூக்குகிற சுந்தரவேல். அதே தங்கமுடி, அதே எரியாத விளக்கு, அதே குப்பை மேட்டுக் கத்தி, சுவரைப் பார்க்கிற அதே இன்ஸ்பெக்டர். பேச்சியம்மாள் புருஷன் உயிரோடு திரும்பி வருவானா என்று அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மண்டிக்காரர் ஆட்கள் முன் பெஞ்சில் என்னை முறைக்கிறார்கள். நான் என்ன செய்வேன்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. விட்டுவிடுவேன். விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். மறுபடி ஒரு தரம் மாற்றிப் பார்த்தேன், ஏமாற்றுகிறேனோ என்று. லிஸ்ட் இல்லை, போன் இல்லை, நான் இந்த ஊரில் ரிட்டயராகப் போகிற கிழட்டு ஜட்ஜ். அப்போதும் விளக்கு எரியவில்லை. சந்தேகம் அந்த இடத்திலேயே இருந்தது. அது என்னுடையது. அப்பாடா என்று விட்ட மூச்சும் என்னுடையதாகவே இருக்கட்டும், அதைக் கழுவ முடியாது, ஆனால் விளக்கை அந்த மூச்சு அணைக்கவில்லை. அப்படியானால் தீர்ப்பு சரி. மிச்சம் இருப்பது அந்தப் போன். அதை என்ன செய்வது என்று கேட்டபோதே பதிலும் வந்துவிட்டது, வந்ததும் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். வேண்டாம், அது மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ரகசியமாக ஹைகோர்ட் ரிஜிஸ்ட்ராருக்குத் தெரிவித்தால் போதாதா? போதும், எனக்குப் போதும். பேச்சியம்மாளுக்குப் போதாது. அவளுக்குத் தெரியாமல் ஒருவர் அவள் வழக்கைப் பற்றி என்னிடம் பேசியிருக்கிறார், அவளுக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்லாத ஓர் இடத்தில். அவள் முன்னால்தான் அதைச் சொல்ல வேண்டும்.

"அம்மா, மணி அடிச்சாச்சு." முனிரத்தினம் மூடியிருக்கிற கேரியரைப் பார்த்துவிட்டு எடுத்து ஓரமாக வைத்தார். கறுப்பு அங்கிக்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் உள்ளே நுழைய எல்லோரும் எழுந்தார்கள், மண்டிக்காரர் எழுந்த விதத்தைப் பார்த்தபோதே அவருக்குச் சேதி வந்துவிட்டது என்று தெரிந்தது, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவர்போல அமைதியாக நின்றார். கூண்டில் கிருபாகரன், இஸ்திரி போட்ட சட்டை. கடைசி பெஞ்சில் அவள். நாடாவை அவிழ்த்தேன். அவிழ்க்க வரவில்லை, முடிச்சு இறுகிக்கொண்டது, யாரும் உதவ முடியாது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவழியாக அவிழ்ந்தது.

"தீர்ப்புக்கு முன்னால ஒரு விஷயத்தைப் பதிவு செய்யணும்" என்றேன். பெஞ்ச் கிளார்க் பேனாவை எடுத்தார். "இன்னிக்கு மதிய இடைவேளையில எனக்கு ஒரு டெலிபோன் வந்தது. இந்த வழக்குல குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்யச் சொன்னாங்க. என்னுடைய தீர்ப்பு அதுக்கு முன்னாடியே டைப் ஆகி என் மேஜையில இருந்தது. அந்தத் தீர்ப்புல ஒரு எழுத்தையும் நான் மாத்தல. இருந்தாலும் போன் வந்தது இரண்டு தரப்புக்கும் தெரியணும். மேல்முறையீடு போறவங்களுக்கு உபயோகப்படணும். பேசினவர் மதராஸ் சீனியர் அட்வகேட் கோதண்டபாணி." கிளார்க்கின் பேனா நின்றுவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, மெல்லிய குரலில், "பேரையும் எழுதணுமாம்மா?" என்றார். மெதுவா, மெதுவா என்று எங்கிருந்தோ கேட்டது. "எழுதுங்க" என்றேன். முன் பெஞ்சில் வக்கீல்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரசு வக்கீல் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். மண்டிக்காரர் முகம் சிவந்துபோனது. நான் தீர்ப்பைப் படித்தேன். விளக்கு, சட்டை, கத்தி, இன்ஸ்பெக்டர். கொலை நடந்தது உண்மை, செய்தவர் யாரென்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, நிரூபிக்க விடாமல் செய்தது போலீஸ் விசாரணைதான் என்று நம்பக் காரணம் இருக்கிறது, ஆகவே சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. என் குரல் யாருடையதோ போலச் சீராக இருந்தது.

பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். டவாலி அவளை உட்காரச் சொல்லிக் கையை அசைத்தார், வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். அவள் அழவில்லை. நடுவழியில் வந்து நின்றாள். "தாயீ, எனக்குப் பாதி வெளங்குச்சு, பாதி வெளங்கல. எவனோ போன் போட்டு விடச் சொன்னான்னீக. பெறகு நீங்களும் விட்டுட்டேன்னீக. அப்ப அவன் சொன்னதுக்குத்தான விட்டீக?"

"இல்லம்மா. போன் வரலேன்னாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்."

"அத நான் எப்பிடி நம்புறது?"

ஏதாவது சொல்லலாம். என் மனசாட்சி என்று சொல்லலாம், சட்டம் என்று சொல்லலாம், பெண்கள் சங்கத்தில் பேசினதையெல்லாம் மறுபடி சொல்லலாம். அவள் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "நம்பணும்னு இல்லம்மா" என்றேன். "நம்பாட்டி ஹைகோர்ட்டுக்குப் போங்க. அரசாங்கம் போகலேன்னாலும் நீங்க மனுப் போடலாம். இந்த ஜட்ஜுக்குப் போன் வந்துச்சுன்னு அங்க சொல்லுங்க. அதுக்காகத்தான் எல்லாத்தையும் எழுதி வைக்கச் சொன்னேன்."

"அந்தப் பேரும் அதுல இருக்கா?"

"இருக்கு."

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்ப எனக்கு ஒரு நகல் குடுக்கச் சொல்லுங்க" என்றாள். கும்பிடவில்லை. எப்போதும் வாசலில் என்னைக் கண்டால் கை கூப்புகிறவள், திரும்பி நடந்தாள். அரசு வக்கீல் தன் காகிதங்களை வாரிக்கொண்டு அவள் பின்னால் போனார். நகல் வாங்குற ரூம் எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று வராந்தாவில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரையும் அவள் கேட்டுக்கொண்டு போகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது, அதட்டலாக, தயக்கமில்லாமல். தீர்ப்பின் அடியில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னேன்.